லாம்

தொலைபேசியில் நான் சொன்னது இதுதான், ஜெயசீலன்:
உப்பனாற்றுக் கழிமுகத்தில் பிடித்த நாற்பது மடவையில்
ஆறின் செவுளில் காட்மியம் கொஞ்சம் அதிகம்.
சதையில் இல்லை.
மழைக்காலத்திலும் பார்க்க வேண்டும்.
அடிவண்டலில் இருந்து வந்திருக்கலாம்.

மறுநாள் காலை மஞ்சக்குப்பம் நிறுத்தத்தில்
பெட்டிக்கடைக் கம்பியில் கிளிப் மாட்டித் தொங்கியது:
கடலூர் மீன்களில் விஷம்! ஆய்வில் அதிர்ச்சி!

ஆய்வில் யாரும் அதிரவில்லை.
கரண்ட் போனபோது இரண்டு தடவை திட்டினோம்.
ஒரு மாதிரி கருகிப்போனதால்
நாற்பத்தொன்று நாற்பதானது.
ஐந்து மாதத்தில் நடந்த பரபரப்பு அவ்வளவுதான்.

படத்தில் இருந்ததோ ஆரஞ்சுச் சதை தெரியும் சால்மன்.
எங்கள் கடலுக்கு அது டப்பாவில் வந்தால்தான் உண்டு.

என் லாம் எங்கே?
இரண்டே எழுத்து.
தமிழ் தன் சந்தேகத்தை
வினைச்சொல்லின் வாலில் வைத்திருக்கிறது.
வாலை நறுக்குவது எவ்வளவு சுலபம் என்று
மீன் ஆய்கிறவர்களுக்குத் தெரியும்.

நானும் மீன் ஆய்கிறவள்தான்.
முதுநகர் மார்க்கெட்டில் நாகவல்லியும்
மீன் ஆய்கிறவள்தான்.
செவுளை நான் அமிலத்தில் கரைப்பேன்,
அவள் காக்கைக்கு எறிவாள்.
காட்மியம் இருந்த இடத்தை
இந்த ஊரில் எவரும் தின்பதில்லை
என்ற ஒரு வரியையாவது
காக்கைகளின் நலன் கருதிப் போட்டிருக்கக் கூடாதா?

ஒன்பது மணிக்கு அவள் கூடை நிறைந்தே இருந்தது.
அது மடவைகூட இல்லை.
முப்பது மைல் தள்ளி, ஆற்றின் சேதி தெரியாத
ஆழத்தில் பிடித்த சூரை.
நாலு கடை தள்ளி ஒருவன்
'பாண்டி மீன், பாண்டி மீன்' என்று கூவி
கடைசிக் கிலோவை விற்றுக்கொண்டிருந்தான்.
அதே கடல். அதே ராத்திரி. அதே ஐஸ்.

ஜெயசீலனைக் கூப்பிட்டேன்.
'நான் ஒழுங்காத்தான் எழுதினேன், மேடம்.
தலைப்பு வெக்கிறது டெஸ்க்.
ரெண்டு காலத்துல உங்க லாம் எல்லாம் நிக்காது.'
அவர் மேல் கோபப்படக்கூட முடியவில்லை.
ஒரு செய்திக்கு இவ்வளவு என்று கூலி,
பெட்ரோல் அவருடையது.

மூன்றாம் நாள் திருத்தம் வந்தது.
ஒன்பதாம் பக்கம், கண்ணீர் அஞ்சலிக்குக் கீழே:
ஆய்வாளர் பெயர் கே. இளவேனில் என வெளியானது.
கோ. இளவேனில் எனத் திருத்தி வாசிக்கவும்.

ஒரு துணைக்காலுக்கு இவ்வளவு மரியாதை!

ஆற்றுக்குள் ராத்திரியில் திறக்கும்
ஒரு குழாயைப் பற்றியும் சொல்லியிருந்தேன்.
நாலு வாக்கியம். நிதானமாக. எண்களோடு.
அதற்குத் தலைப்பும் இல்லை, திருத்தமும் இல்லை.
விஷம் என்ற சொல் ஊர் முழுக்கச் சுற்றி
நேராகக் கூடைக்காரிகளிடம் வந்து உட்கார்ந்தது.
குழாயின் முகவரி அதற்குத் தெரியவில்லை.

நாகவல்லி சண்டை போடவில்லை.
சூரையின் மேல் தண்ணீர் தெளித்தபடியே கேட்டாள்:
'துன்னலாமா கூடாதா? ஒண்ணு சொல்லு.'

'தின்னலாம்' என்றேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது.
அந்த லாம் வேறு, இந்த லாம் வேறு;
ஒன்று தயங்கும், ஒன்று அனுமதிக்கும்
என்று விளக்க வாயெடுத்தேன்.
அதற்குள் தராசில் தட்டு இறங்கிவிட்டது.
'அப்ப நீ வாங்கிட்டுப் போ.'

இரண்டு கிலோ. நான் தனியாள்.

திரும்பும் பேருந்தில்
பக்கத்து இருக்கைப் பெண்
என் பையைப் பார்த்தாள்.
மடியில் இருந்த செய்தித்தாளைச் சுருட்டிக்கொண்டு
முன்னால் போய் நின்றாள், இடம் இருந்தும்.

மீன் வாடை பிடிக்காமல் இருக்கலாம்.